பின்னங்கால்

ஷட்டரை முழங்கால் உயரத்துக்குத் தூக்கிய என் கொழுந்தன் சதீஷ் அப்படியே நின்றுவிட்டான். இன்னொரு கையை எனக்குக் குறுக்கே நீட்டி, பேசாதீங்க என்று கண்ணைக் காட்டினான். கோடவுனுக்குள்ளிருந்து பருப்பு மெல்லும் சத்தம் வந்தது. எலி இப்படி மெல்லாது, கொறிக்கும். இது மூச்சு வாங்கிக்கொண்டு, கல்யாணப் பந்தியில் மூன்றாவது தடவை பாயசம் கேட்கிற ஆளைப் போலச் சாவகாசமாகத் தின்றுகொண்டிருந்தது. நடுவில் ஒரு சாக்கு கிழிந்தது. பருப்பு சிமெண்டுத் தரையில் சரசரவென்று கொட்டி ஓடியது. எங்கள் நாய் பூபதிக்காகக் கொண்டுவந்த தயிர்ச்சோற்றுத் தூக்குவாளி என் கையில் இருந்தது. அதைச் சத்தமில்லாமல் கீழே வைத்தேன்.

"அவன்தான் மைனி," என்றான் சதீஷ், உதட்டை மட்டும் அசைத்து. "அந்தப் பெரியவன்."

இந்த வங்காள ஊரில், லேக் மார்க்கெட்டில் எங்களுக்கு மளிகைக் கடை. எங்கள் சொந்த ஊரிலிருந்து ரயிலேறி வரும் உளுந்து, துவரம்பருப்பு, வெல்லம், அப்பளக்கட்டு எல்லாம் சாந்த்ராகாச்சி ரயில் யார்டுக்குப் பின்னாலிருக்கும் இந்தக் கோடவுனில்தான் இறங்கும். ஒரு பக்கம் தண்டவாளம், மறுபக்கம் நாணல் மண்டிய சதுப்பு. முன்பு தண்டவாள ஓரத்துக் குடிசைகளில் பன்றி வளர்த்துக்கொண்டிருந்தார்கள். குடிசைகளை எடுத்தபோது பிடிபடாதவை நாணலுக்குள் போய் ஒளிந்துகொண்டன. அவற்றின் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் மனிதர் கையால் ஒரு வாய் வாங்கித் தின்றதில்லை. முதுகில் மயிர் சிலிர்த்து, முகம் நீண்டு, கடைவாயில் பல் வெளியே வளைந்து, பார்த்தால் எங்கள் குற்றாலத்து மலையிலிருந்து இறங்கிவந்தவை மாதிரி இருந்தன. என் வீட்டுக்காரர் சுந்தரராஜன் ஆபீஸ் ஆபீஸாக ஏறி இறங்கினார். ஒரு ஆபீஸில் இது நாட்டுப்பன்றி, எங்கள் வேலை இல்லை என்றார்கள். அடுத்த ஆபீஸில் இது காட்டுப்பன்றி, எங்கள் வேலை இல்லை என்றார்கள். எந்தப் பன்றி என்று முடிவாகிறவரைக்கும் அது எங்கள் பருப்பைத் தின்றுகொண்டிருந்தது. போன மார்ச்சில், விரட்டப்போன எங்கள் வாட்ச்மேன் முத்துகிருஷ்ணனின் கெண்டைக்காலை ஒரே இழுப்பில் பிளந்துவிட்டது. பாவம், அந்த மனிதர் இப்போது கடை வாசலில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து, காலை நீட்டியபடி கொத்தமல்லி பொட்டலம் கட்டுகிறார்.

அதற்குப் பிறகுதான் சதீஷ் நாய் வாங்க வேண்டும் என்று ஆரம்பித்தான். ராப்பகலாகப் போனில் வீடியோ பார்த்தான். தென்காசிப் பக்கம், மலையடிவாரத்தில், கடலைக்காட்டுக்கு வரும் பன்றிகளைப் பிடிக்கவென்றே பெரிய பெரிய கலப்பு நாய்களை ஒருவர் பழக்குகிறாராம். அம்மா ராஜபாளையம், அப்பா கிரேட் டேன், அதற்கும் மேலே ஏதோ வெளிநாட்டு ரத்தம். இதை வெளியே சொன்னால் கேஸாகிவிடும் என்று அந்த ஆள் போனில்கூடக் குரலைத் தாழ்த்தித்தான் பேசினார். "சைவ வீட்டுல வேட்டை நாயா? நம்ம தாத்தா போட்டோவுக்கு முன்னால நின்னு சொல்லு பாப்போம்," என்றார் வீட்டுக்காரர். சதீஷ் சொல்லவில்லை. ஆனால் நாய் வந்துவிட்டது.

சாந்த்ராகாச்சி ஸ்டேஷனில், சென்னை ரயிலின் நாய்க்கூண்டிலிருந்து அவன் இறங்கிய அன்று நானும் போயிருந்தேன். தானாகவே கூட்டம் விலகி வழிவிட்டது. கன்றுக்குட்டி உயரம், வெள்ளை உடம்பில் சாம்பல் திட்டுகள். பன்றியின் வாய்க்கு அகப்படக்கூடாதென்று குட்டியிலேயே காதுகளை ஒட்ட நறுக்கியிருந்தார்கள். பூபதி என்று அவர்களே பெயரும் வைத்து அனுப்பியிருந்தார்கள். என் மாமனாரின் சித்தப்பா பெயரும் அதுவே என்பதால் வீட்டுக்காரர் அவனைக் கொஞ்ச நாள் "ஏ, இங்க பாரு" என்றுதான் கூப்பிட்டுவந்தார். முட்டைகூடப் படியேறாத வீடு எங்களுடையது. அதனால் லேக் மார்க்கெட்டிலிருந்து பஸ் பிடித்து, பாலம் தாண்டி, அவனுக்கு நெய் விட்ட பருப்புச் சோறும் தயிர்ச்சோறும் கொண்டுபோவேன். ஹவுராவில் ஒரு கடையிலிருந்து சதீஷ் அவனுக்கு வேறு என்னவோ வாங்கிக் கொடுக்கிறான் என்று எனக்குத் தெரியும். தெரியாது என்று அவன் நினைத்துக்கொண்டிருந்தான். நானும் அப்படியே இருந்துவிட்டேன். பூபதி நான் "சாப்பிடு" என்று சொல்கிற வரைக்கும் சோற்றைத் தொடமாட்டான். சாப்பிட்டு முடித்ததும் வந்து, தன் பாரம் முழுவதையும் என் தொடையில் சாய்த்துக்கொண்டு நிற்பான். அவன்மேல் எனக்கு உயிர். இதில் ஒளிக்க ஒன்றுமில்லை.

வைகாசி பிறந்ததும் அவன் முதல் பன்றியைப் பிடித்தான். பெரியது இல்லை, வளர்ந்துவரும் குட்டி. அன்று சாயங்காலம் சதீஷ் கூடத்துக்கு நடுவில் நின்று, நீள் தலையணையைப் பன்றியாக்கி, எனக்கும் அவன் அண்ணனுக்கும் வேட்டையை நடித்துக் காட்டினான்.

"காதைக் கவ்வுனதோட பூபதி வேலை முடிஞ்சுது மைனி. அவன் கொல்லமாட்டான். விடவும் மாட்டான். நாம வர்ற வரைக்கும் சும்மா பிடிச்சுக்கிட்டே நிப்பான். நாம பின்னால ஓடிப்போய் ரெண்டு பின்னங்காலையும் இப்பிடித் தூக்கிரணும். தூக்கிட்டா அதுக்குப் பலமே கிடையாது. அப்பிடியே சாய்ச்சு, கயித்தப் போட்டுக் கட்டிரலாம்."

"நீயா தூக்குன?"

"பின்ன யாரு?" என்றான்.

"சீ, போய் முதல்ல தலைக்குக் குளி," என்றேன். ஆனால் எனக்குப் பெருமையாக இருந்தது. நான் வாழ்க்கைப்பட்டு இந்த ஊருக்கு வந்தபோது, காலுறையைத் தேடி வீடு முழுக்க அழுதுகொண்டு சுற்றிய ஸ்கூல் பையன் இவன். அப்புறம் எடுத்த காரியம் எதையும் முடித்ததில்லை. செல்போன் கடை, கேட்டரிங், இன்னும் என்னென்னவோ. 'உள்ளூர்ல ஓணான் பிடிக்காதவன் அசலூர்ல உடும்பு பிடிக்கப் போனானாம்' என்று அவன் காதுபடவே வீட்டுக்காரர் சொல்வார். அன்றைக்கு அவர்கூடப் பழமொழியை விட்டுவிட்டு, தலையணையை எடுத்து உதறி, இருந்த இடத்தில் வைத்தார்.

ஆனால் இந்தப் பெரியவன் மட்டும் சிக்கவே இல்லை. நாயின் வாசம் தெரிந்து, காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது என்று பார்த்து வருகிற புத்திசாலி. இன்று பின்பக்கத்துத் தகரத்தை, துருப்பிடித்த மூலையில் முட்டி மடித்துவிட்டு, பட்டப்பகலில் உள்ளே வந்து உட்கார்ந்திருந்தது. முன்பக்கம் அடிபம்புக்குப் பக்கத்தில் கட்டிக்கிடந்த பூபதி அதைத் தெரிந்துகொண்டு எழுந்து நின்றான். அவன் குரைக்கிற சாதி இல்லை. முன்னங்கால் ஒன்றைத் தூக்கி, கழுத்தை நீட்டி, சங்கிலி முறுக்கேறும்படி நின்றான். உடம்பு மட்டும் நடுங்கியது.

"ரஞ்சனக் கூப்பிடு," என்றேன். ரஞ்சன் எங்கள் கோடவுனில் மூட்டை இறக்குகிறவர். வேட்டையன்றும் கூட இருந்தவர். சதீஷ் அவரை இங்கத்து வழக்கப்படி அண்ணன் முறை வைத்து, 'தா' சேர்த்துக் கூப்பிடுவான்.

"ரஞ்சன்தா வரலையே. இன்னைக்கு ஜமாய் ஷஷ்டி. பாக்னான்ல மாமியார் வீட்டுல இருப்பாரு."

எனக்கும் அப்போதுதான் உறைத்தது. சஷ்டி என்றால் நமக்கு முருகனை நினைத்துப் பட்டினி. இங்கே அதே சஷ்டியில் மாப்பிள்ளையைக் கூப்பிட்டு, விசிறிவிட்டு, மீனும் மாம்பழமுமாக மாமியார் விருந்து வைப்பாள். நான் காலையில் தலை முழுகி, நெற்றி நிறையத் திருநீறு பூசி, பச்சைத் தண்ணீரோடு நின்றுகொண்டிருந்தேன். ரஞ்சன் எங்கேயோ ஒரு வாழை இலைக்கு முன்னால் சம்மணம் போட்டு உட்கார்ந்திருப்பார். நல்ல நாள் பார்த்து வந்திருக்கிறது இந்தச் சனியன் என்று நினைத்தேன்.

"அப்ப வேண்டாம்ப்பா. ஷட்டரத் தட்டு. அது வந்த வழியே போகட்டும்."

சதீஷ் தட்டவில்லை. என்னைப் பார்க்காமல் பூபதியைப் பார்த்துக்கொண்டு சொன்னான். "அண்ணன் உங்ககிட்டச் சொல்லலையா? வர்ற வாரம் இவன ஊருக்குத் திருப்பி அனுப்பப் போறாரு. டிக்கெட்டுக்குச் சொல்லிட்டாரு. பெரியவனப் பிடிக்காத நாய் எதுக்குன்னு கேட்டாரு."

என்னிடம் சொல்லவில்லை. நான் தயிர்ச்சோறு பிசைவதைப் பார்த்துக்கொண்டே டிக்கெட்டுக்குச் சொல்லியிருக்கிறார். அந்த நறுக்கின காதுகளையும், சங்கிலியில் விறைத்து நிற்கிற கழுத்தையும் பார்த்தேன்.

"நீ ஒத்தையில செஞ்சிருவியா?"

"நான் இருக்கேன்லா மைனி."

"அவனுக்கு ஒரு சட்டை வாங்கினியே, குத்துப் படாம இருக்க?"

கெட்டிக் கான்வாசில், நெஞ்சையும் கழுத்தையும் மூடுகிற சட்டை ஒன்றை அவன் வரவழைத்திருந்தான். சதீஷ் ஷட்டரைப் பார்த்தான். "உள்ள ஆணில மாட்டியிருக்கு," என்றான். மெல்லும் சத்தத்துக்கு அந்தப் பக்கம்தான் அந்த ஆணி. பிறகு நான்தான் "சரி, விடு" என்றேன்.

சங்கிலி கழன்றதும் பூபதி ஓடியதாகவே தெரியவில்லை. ஷட்டருக்கு அடியில் வெள்ளையாக ஏதோ வழுக்கிக்கொண்டு போன மாதிரி இருந்தது. சதீஷ் கயிற்றுச் சுருளை எடுத்துக்கொண்டு குனிந்து நுழைந்தான், நானும் நுழைந்தேன். உள்ளே இருட்டு. பின்பக்கத்துக் கிழிசல் வழியாக மட்டும் ஒரு பாளம் வெயில் விழுந்திருந்தது. அந்த வெயிலில் பன்றி தலையைத் தூக்கி ஒருமுறை பார்த்தது. மூக்கில் வெல்லம் ஒட்டியிருந்தது. அதற்குள் பூபதி அதன் மேல் இருந்தான்.

பன்றி போட்ட கூச்சலை நான் எழுதிக் காட்ட முடியாது. தகரக் கூரை முழுவதும் அது திரும்பத் திரும்ப அடித்தது. வலது காதை அடியோடு கவ்வி, தன் உடம்பைப் பன்றியின் விலாவோடு ஒட்டிக்கொண்டான் பூபதி. அப்படி ஒட்டிக்கொண்டால் பல் அவனை எட்டாது என்று சதீஷ் கூடத்தில் சொல்லியிருந்தான். அது கடலைக்காட்டு மண்ணில். இங்கே தரை சிமெண்டு. அதன்மேல் கொட்டிக் கிடந்தது துவரம்பருப்பு. பன்றி தலையைச் சுழற்றியபோது பூபதியின் நான்கு கால்களும் பருப்பில் உருண்டு வழுக்கின. உடம்பு விலகிவிட்டது, வாய் மட்டும் விடவில்லை. அந்த இடைவெளியில் பன்றி கீழிருந்து மேலாக ஒரு வெட்டு வெட்டியது. அவன் நெஞ்சில் ஒரு கோடு சிவப்பாகத் திறந்தது. அப்போதும் அவனிடமிருந்து ஒரு சின்ன முனகல்கூட இல்லை.

"சதீஷ், போ! காலத் தூக்கு!"

பக்கத்தில் இருக்கிறான் என்று நினைத்துத்தான் கத்தினேன். பக்கத்தில் அவன் இல்லை. இட்லி அரிசி மூட்டைகளை அடுக்கிய அட்டியின் மேல், கூரையில் தலை இடிக்கிற உயரத்தில் உட்கார்ந்திருந்தான். எப்போது ஏறினான், எப்படி ஏறினான் என்று தெரியவில்லை. ஒரு கையில் கயிறு, மறு கையில் போன்.

"என்னடா பண்ணுத அங்க?"

"ரஞ்சன்தாவுக்குப் போடுறேன் மைனி. ரிங் போகுது."

"ரஞ்சன் பாக்னான்ல இருந்து பறந்து வருவாரா? எறங்குடா!"

பூபதி பின்னால் இழுபட்டு ஒரு மூட்டை அட்டியில் மோதினான். மேலிருந்து அப்பளக்கட்டுகள் சரிந்து விழுந்தன. இரண்டாவது வெட்டு தோளில் விழுந்தது. அவன் கண் பன்றியைப் பார்க்கவில்லை. அதுதான் எனக்கு முதலில் புரியவில்லை, பிறகு புரிந்தபோது தாங்கவில்லை. பன்றியின் காதை வாயில் வைத்துக்கொண்டு அவன் எங்களைத் தேடிக்கொண்டிருந்தான். தன் வேலை முடிந்துவிட்டது, இனி உங்கள் முறை, ஏன் இன்னும் வரவில்லை என்று அந்தக் கண் ஷட்டரையும் அட்டியையும் மாற்றி மாற்றிப் பார்த்தது.

"அன்னைக்குத் தூக்குனேன்னு சொன்னியேடா!"

மேலே இருந்து அழுகை கேட்டது. முப்பது வயதைத் தாண்டிய ஆம்பிளை, காலுறை தொலைத்த பையனைப் போலத் தேம்பினான். "நான் தூக்கல மைனி. ரஞ்சன்தாதான் தூக்குனாரு. நான் அன்னைக்கும் தள்ளித்தான் நின்னேன். என்னால அதத் தொட முடியாது மைனி. நெனச்சாலே கொமட்டுது."

அவனைத் திட்டுவதற்கு என்னிடம் வண்டி வண்டியாக வார்த்தைகள் இருந்தன. நேரம்தான் இல்லை. உயிரைப் பணயம் வைத்து ஒரு ஜீவன் பிடித்துக்கொண்டு நிற்கிறது. பிடிக்கச் சொன்ன நாங்கள் மூட்டைமேலும் ஷட்டர் ஓரத்திலும் நிற்கிறோம். அசிங்கமாக இருந்தது. பயமும் இருந்தது, நிறையவே இருந்தது. சேலையை இழுத்துச் செருகினேன். செருப்பு பருப்பில் உருண்டதால் கழற்றி எறிந்தேன். சுவரோரமாக, மூட்டைகளைப் பிடித்துக்கொண்டு, பின்பக்கம் போக ஆரம்பித்தேன்.

அப்போது போன் எடுக்கப்பட்டது. சதீஷ் ஸ்பீக்கரில் போட்டிருந்தான். சங்கு ஊதுகிற சத்தமும், பெண்கள் சிரிக்கிற சத்தமும், பாத்திரச் சத்தமும் கூரைக்குக் கீழே கேட்டன. ரஞ்சன் வாயில் எதையோ வைத்துக்கொண்டு "ஹலோ" என்றார். பன்றியின் கூச்சல் கேட்டதும் மென்றதை விழுங்கிவிட்டார்.

"கே தொரேச்சே?" யார் பிடித்திருப்பது என்று கேட்டார்.

"பூபதி பிடிச்சிருக்கான், மைனி போறாங்க," என்று சதீஷ் பாதித் தமிழிலும் பாதி வங்காளத்திலும் உளறினான்.

"பௌதி?" அண்ணியா என்று கேட்டுவிட்டு ரஞ்சன் கத்தினார். "பௌதி, பேச்சொனேர் பா! தூட்டோ பா ஏக்சங்கே! தூலே தொரோ!" பின்னங்கால், இரண்டையும் சேர்த்து, தூக்கிப் பிடி. அது எனக்கும் தெரிந்ததுதான். தலையணையில் பார்த்திருக்கிறேன்.

பன்றியின் பின்புறம் என் முன்னால் ஆடிக்கொண்டிருந்தது. சேறு காய்ந்து பொருக்குத் தட்டிய தொடைகள். நாற்றம் மூக்கில் ஏறியபோது, வெறும் வயிறு மேலே வந்து போனது. நெற்றித் திருநீறு வியர்வையில் கரைந்து கண்ணில் எரிந்தது. முருகா, உன் நாளில் என்னை எதைத் தொடவைக்கிறாய் என்று கேட்டேன். அவருக்கு அது ஒரு பொருட்டாக இருக்காது என்று பட்டது. வேடர் வீட்டில் பெண் எடுத்தவர். குனிந்து இடது காலைப் பிடித்தேன். அது என்னை உதறியது. குளம்பு முழங்காலில் பட்டு, வலி இடுப்புவரை ஏறியது. விழுந்தவள் விழுந்தபடியே மறுபடி பிடித்தேன். ஈர்க்குவாரியல் மாதிரி மயிர் உள்ளங்கையைக் குத்தியது. இந்தத் தடவை இரண்டும் கைக்கு வந்தன. பல்லைக் கடித்துக்கொண்டு எழுந்து, தண்ணீர் நிறைந்த செம்பு அண்டாவைத் தூக்குகிற மாதிரி, முதுகைப் பின்னால் சாய்த்துத் தூக்கினேன்.

கூச்சல் மாறியது. அதுவரை கோபமாக இருந்தது சட்டென்று பயமாக ஆனது. அவ்வளவு பெரிய உடம்பு, முன்னங்கால்களில் தள்ளாடி, முன்னே போக வழியில்லாமல் நின்றுவிட்டது. சதீஷ் பொய்யன், ஆனால் சொன்னது உண்மை. என் கைகளுக்குள் அதன் நரம்புகள் துடித்துக்கொண்டிருந்தன. எனக்கு அதன்மேலும் பாவமாக இருந்தது. பருப்பு தின்ன வந்தது, வேறென்ன செய்தது. ஆனால் விட முடியாது. விட்டால் திரும்பும். திரும்பினால் பூபதி இல்லை, ஒருவேளை நானும் இல்லை. புலி வாலைப் பிடித்த கதையை எத்தனையோ பேருக்கு நானே சொல்லியிருக்கிறேன். வால் இவ்வளவு கனமாக இருக்கும் என்று அந்தக் கதையில் யாரும் சொல்வதில்லை.

"சதீஷ், எறங்கி வா. கட்டணும்."

"மைனி..."

"நான் ரொம்ப நேரம் பிடிக்க முடியாது. காலையில இருந்து ஒண்ணும் சாப்பிடல."

"தொட முடியல மைனி. சத்தியமா முடியல."

கத்திப் பிரயோசனமில்லை என்று தெரிந்தது. முன்பு ஊசி போட அழைத்துப் போகும்போது அவனிடம் பேசுகிற குரல் ஒன்று என்னிடம் இருந்தது. அது எங்கேயிருந்தோ வந்தது. "நீ அதத் தொட வேண்டாம். என் கையத் தொடு. என் கைக்கு மேல உன் கைய வச்சுப் பிடி. அவ்வளவுதான். கண்ண மூடிக்கிட்டு வேணும்னா வா."

அட்டியில் சாக்குகள் உரசின. ஒரு கால் தெரிந்தது. அது துழாவி, ஒரு மூட்டையின் விளிம்பைக் கண்டுபிடித்தது. பிறகு அடுத்த கால். இறங்கும்போது அவன் எதையோ முணுமுணுத்துக்கொண்டே வந்தான். சாமி பேரா, என்னைத் திட்டினானா தெரியவில்லை. பருப்பில் ஒருமுறை சறுக்கி, கையூன்றி எழுந்தான். முகம் சாக்கு நிறத்தில் இருந்தது. என் பின்னால் வந்து நின்று, நிஜமாகவே கண்களை இறுக மூடிக்கொண்டு, என் தோள்களுக்கு இரண்டு பக்கமும் கைகளை நீட்டினான். ஐஸ் மாதிரிக் குளிர்ந்த கைகள். முதலில் என் மணிக்கட்டில் பட்டன. அங்கேயே கொஞ்சம் நின்றன. பிறகு மெதுவாகக் கீழே இறங்கி, என் விரல்களுக்கு மேல் மூடி, அழுத்திப் பிடித்தன. என் பாரம் பாதியாகக் குறைந்தது. குமட்டலை அவன் விழுங்குவது என் முதுகில் தெரிந்தது. அப்போதும் கையை எடுக்கவில்லை.

"கயிறு?" என்றேன்.

அவன் கண்ணைத் திறந்தான். இரண்டு பேரும் அண்ணாந்து பார்த்தோம். கயிற்றுச் சுருள் இட்லி அரிசி அட்டியின் உச்சியில், போனுக்குப் பக்கத்தில் பத்திரமாக இருந்தது. போனிலிருந்து ரஞ்சன் "கட்டியாச்சா பௌதி? கட்டியாச்சா?" என்று விருந்துச் சத்தத்துக்கு மேலே வங்காளத்தில் கேட்டுக்கொண்டே இருந்தார். சதீஷிடமிருந்து ஒரு சத்தம் வந்தது. அழுகையா சிரிப்பா என்று நான் திரும்பிப் பார்க்கவில்லை. யாராவது ஒருவர் கையை எடுத்தாக வேண்டும். இரண்டு பேரும் எடுக்கவில்லை.

அந்தப் பக்கம் பூபதி முன்னங்கால்களை அகட்டி நின்றுகொண்டிருந்தான். நெஞ்சிலிருந்து சொட்டிய ரத்தம் பருப்பைச் சிவப்பாக்கிக்கொண்டு என் வெறுங்கால் வரைக்கும் வந்திருந்தது. பின்னங்கால் ஒன்று அவனை அறியாமல் மடங்கியது. சமாளித்து நின்றான். பன்றியின் காதை வாயில் வைத்தபடியே கண்ணை மட்டும் திருப்பி, முதலில் என்னைப் பார்த்தான், பிறகு சதீஷைப் பார்த்தான். பிறகு கீழே, ஒன்றின் மேல் ஒன்றாக இருந்த எங்கள் நான்கு கைகளையும் பார்த்தான். காதை விடாமல், வாலை ஆட்டினான்.